பல அவைகளில் ஒரு சொல்

ஒரு கேள்வியை ஐந்து இடங்களில் கேட்பவர், முன்பின் தெரியாத ஐந்து பேரிடம் அவர்களுடைய மாலைப்பொழுதைக் கேட்கிறார். பல நேரங்களில் ஐந்து பேரும் கொடுத்தும் விடுகிறார்கள். வேலை முடிந்து வீடு திரும்பிய ஒருவர், சாப்பாட்டுக்கு முன் கிடைத்த அரைமணி நேரத்தில் அந்தக் கேள்வியைப் படிக்கிறார். தம்முடைய கணினியில் செய்து பார்க்கிறார். பிறருக்குப் புரியும்படி பத்து வரியில் பதில் எழுதுகிறார். அனுப்பிய பிறகுதான் தெரியவருகிறது, இதே கேள்விக்கு வேறொரு குழுவில் மத்தியானமே விடை கிடைத்துவிட்டது. கேட்டவர் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பதில் எழுதியவர் சண்டைக்குப் போவதில்லை. அடுத்த முறை எழுதாமல் இருந்துவிடுகிறார். இணையக் குழுக்கள் சண்டையில் உடைவதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வாய் மூடிக்கொள்வதால் அவை ஓய்ந்துபோவதைப் பற்றிப் பேசியதில்லை.

ஒரே செய்தியைப் பல குழுக்களில் இடுவது தவறு என்று ஒரே வரியில் தள்ளிவிடவும் முடியாது. ஒரு புத்தக வெளியீட்டுக் கூட்டம் இலக்கிய வாசகர்களுக்கும் தெரிய வேண்டும், அந்த ஊர்க்காரர்களுக்கும் தெரிய வேண்டும். ஒரு கல்வெட்டைப் பற்றிய ஐயம் மொழியறிந்தவரிடமும் போக வேண்டும், வரலாறு அறிந்தவரிடமும் போக வேண்டும். வாழ்க்கையின் விஷயங்கள் குழுக்களின் எல்லைக்குள் அடங்கி நிற்பவை அல்ல. ஆகவே அனுப்பலாமா கூடாதா என்ற கேள்வியைவிட, எப்படி அனுப்புவது என்ற கேள்விதான் பெரியது. அதை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சிலர் ஆழமாக யோசித்திருக்கிறார்கள். யோசித்ததோடு நில்லாமல், தாங்கள் எழுதிய நிரல்களுக்குள்ளேயே அந்த மரியாதையைப் பொதிந்து வைத்தார்கள். இன்று நம் கையில் இருக்கும் கருவிகளில் அது இல்லை. என்ன இருந்தது, என்ன போயிற்று என்று திரும்பிப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

*

1979இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டியூக் பல்கலைக்கழகத்து மாணவர்களான டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் கணினிகளுக்கிடையே செய்தி பரிமாறிக்கொள்ள ஒரு வழியைத் திட்டமிட்டார்கள். பக்கத்து ஊரான சாப்பல் ஹில்லில் படித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் பெல்லோவின் அதன் முதல் வடிவத்தை எழுதினார். 1980இல் அது வெளியுலகுக்கு வந்தது. அதுதான் யூஸ்நெட். அதற்குத் தலைமையகம் என்று ஒன்று கிடையாது. ஒரு கணினி இன்னொரு கணினியைத் தொலைபேசி வழியாக அழைக்கும், பெரும்பாலும் கட்டணம் குறைந்த இரவு நேரத்தில். அன்றைக்கு வந்த மடல்களைக் கொடுக்கும், அங்கே இருப்பதை வாங்கிக்கொள்ளும். அந்தக் கணினி அடுத்ததை அழைக்கும். இப்படிக் கைமாறிக் கைமாறி, ஓரிடத்தில் எழுதப்பட்ட மடல் எல்லா இடத்திலும் ஒரு பிரதியாகப் போய்ச் சேரும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எழுதுபவர் ஒருவர், அதைச் சுமந்துபோகும் செலவு மற்ற எல்லோருக்கும். தொலைபேசிக் கட்டணத்தைப் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் கட்டின. கணினி வட்டில் இடம் கொடுத்தவர்களும் அவர்களே. லாரி வால் 1984இல் யூஸ்நெட்டைப் படிப்பதற்கு ஆர்.என். என்ற நிரலை எழுதினார். பின்னாளில் பெர்ல் என்ற நிரல்மொழியை உருவாக்கியவரும் அவர்தான். அதனோடு சேர்ந்து வந்த மடல் அனுப்பும் நிரல், எழுதியதை உடனே அனுப்பிவிடாது. இந்த மடல் ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் போகப்போகிறது, அதற்கு நூற்றுக்கணக்கில், ஏன் ஆயிரக்கணக்கில்கூட டாலர் செலவாகும், நிச்சயமாக அனுப்பத்தான் வேண்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொன்னால்தான் நகரும். எழுதும் கையைப் பிடித்து நிறுத்தி, பிறர் செலவில் பேசப்போகிறாய் என்று நினைவூட்டிய கருவி அது.

பேச்சு பெருகப் பெருகக் குழுக்களும் பெருகின. 1986, 87இல் அவற்றையெல்லாம் கணினி, அறிவியல், பொழுதுபோக்கு, சமூகம் என்று பெருந்தலைப்புகளின் கீழ் பெயர் மாற்றி அடுக்கினார்கள். அப்படி அடுக்கியதும் ஒரு சிக்கல் எல்லோர் கண்ணிலும் படும்படி வந்து நின்றது. எந்தப் பொருளும் ஒரே அறைக்குள் அடங்குவதில்லை. ஒரு மொழியின் எழுத்துகளைக் கணினியில் அச்சுக்கோப்பது பற்றிய ஐயம், அந்த மொழிக்காரர்களின் குழுவுக்கும் உரியது, அச்சுக்கோப்பு நிரல்களுக்கான குழுவுக்கும் உரியது. என்ன செய்வது?

யூஸ்நெட்டின் விடை எளிமையானது. ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் அது எந்தக் குழுவுக்கு என்று எழுதும் வரி ஒன்று உண்டு. அதில் ஒரு பெயருக்குப் பதிலாக, காற்புள்ளியிட்டு இரண்டு மூன்று பெயர்களை எழுதலாம். கணினி அந்த மடலின் ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொள்ளும். எந்தக் குழுவின் வழியாக வந்தாலும் வாசகர் பார்ப்பது அதே பிரதியைத்தான். ஒரு குழுவில் படித்துவிட்டால், அடுத்த குழுவிலும் அது படித்ததாகக் குறிக்கப்பட்டுவிடும். ஒருவரும் இரண்டு முறை பார்க்க வேண்டியதில்லை. பதிலும் எல்லாக் குழுக்களுக்கும் போகும். உரையாடல் ஒரே இழையாக இருக்கும்.

இதற்கு நேர்மாறான வழியும் இருந்தது. அதே மடலை ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக அனுப்புவது. கணினியின் கணக்கில் அவை வேறு வேறு மடல்கள். ஐந்து குழுக்களில் இருக்கும் ஒருவர் ஐந்து முறை பார்ப்பார். பதில்கள் ஐந்தாகச் சிதறும். ஓரிடத்தில் ஒருவர் சொன்ன விடையில் இருக்கும் பிழையை வேறோரிடத்தில் இருக்கும் அறிஞர் பார்த்துத் திருத்த வழியே இராது. யூஸ்நெட்காரர்கள் இந்த இரண்டையும் இரு வேறு செயல்களாகவே கருதினார்கள். முதலாவது அளவோடு செய்தால் சரி. இரண்டாவது எப்போதும் தவறு. எத்தனை இடத்துக்குப் போனாலும் பேச்சு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய அளவுகோல்.

*

இதைவிடவும் என்னைக் கவர்வது இன்னொரு வரி. தொடர் மடல்கள் எங்கே போக வேண்டும் என்பதை எழுதுபவரே குறிக்கும் வரி அது. 1983இல் யூஸ்நெட் மடலின் அமைப்பை வரையறுத்த ஆவணத்திலும், அதைத் திருத்தி 1987இல் வந்த ஆவணத்திலும் அது இருக்கிறது. ஐந்து குழுக்களில் அறிவிக்கலாம். பேச்சு இன்ன குழுவில் நடக்கட்டும் என்று ஒன்றை மட்டும் குறிக்கலாம். அல்லது, பொதுவில் பேச வேண்டாம், பதில்கள் எனக்கே தனிமடலாக வரட்டும் என்றும் குறிக்கலாம். ஜெர்மன் மொழிக் குழுக்களில் இது ஏறக்குறைய சட்டமாகவே இருந்தது. பல குழுக்களுக்கு அனுப்பிவிட்டு, பேச்சு எங்கே தொடரும் என்று குறிக்காமல் விட்டவரை அங்கே சும்மா விடமாட்டார்கள்.

அத்துடன் இன்னொரு வழக்கமும் வளர்ந்தது. தலைப்பகுதியில் குறித்தால் மட்டும் போதாது, மடலின் உடலிலும் அதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பதில் எழுதுபவர் தலைப்பகுதியைக் கவனித்திருக்கமாட்டார். தம்முடைய குழுவில்தான் பேசுகிறோம் என்று நினைத்து எழுதுவார். அவருடைய பதில் அவருக்குத் தெரியாமலே வேறொரு குழுவுக்குப் போய்விடும். தம் சொல் யார் முன்னிலையில் விழப்போகிறது என்பதை அறியும் உரிமை பதில் சொல்பவருக்கு உண்டு. இவ்வளவு சிறிய இடத்தில்கூட அடுத்தவர் நிலையில் நின்று யோசித்திருக்கிறார்கள்.

இந்த வரியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், பல இடங்களில் பேசும் உரிமைக்கு ஈடாக அது ஒரு பொறுப்பைக் கேட்பது தெரிகிறது. நீ எத்தனை அவைகளில் வேண்டுமானாலும் அறிவி. பேச்சு எங்கே நடக்கும் என்பதை நீயே சொல். சொன்ன இடத்தில் நீயே இரு. கேள்வி வந்தால் பதில் கொடு, மறுப்பு வந்தால் கேட்டுக்கொள். எறிந்துவிட்டுப் போகாதே.

1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்து வெளியான இணைய நடத்தை நெறிகளில், ஒன்றுக்கு மேற்பட்ட மின்னஞ்சல் மடற்குழுக்களுக்கு ஒரே மடலை அனுப்புகிறவர், அதிலும் அவை நெருங்கிய தொடர்புடைய குழுக்களாக இருந்தால், அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. ஆய்வாளர்களின் மடற்குழுக்களில் இன்றும் கருத்தரங்க அறிவிப்புகளின் தலையில் அந்த ஒரு வரி மன்னிப்பைப் பார்க்கலாம். அது வெறும் சடங்காகத் தேய்ந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. தேய்ந்திருந்தாலும் அது இருப்பது நல்லது. உங்களில் சிலர் இதை இரண்டாம் முறை பார்க்கிறீர்கள், அது எனக்குத் தெரியும் என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. படிப்பவரை ஓர் ஆளாக நினைத்திருந்தால்தான் அந்த ஒப்புதல் வரும்.

*

1994 ஏப்ரல் 12 இந்த மரியாதை முறிந்த நாள். அரிசோனா மாநிலம் பீனிக்ஸைச் சேர்ந்த வழக்கறிஞர் தம்பதி லாரன்ஸ் கேன்டரும் மார்த்தா சீகலும், அமெரிக்காவில் குடியேறுவதற்கான கிரீன் கார்டு குலுக்கலில் கலந்துகொள்ள உதவுவதாக ஒரு விளம்பரத்தை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட யூஸ்நெட் குழுக்களில் இட்டார்கள். சில மாதங்களுக்கு முன், அதே ஆண்டு ஜனவரியில், உலகம் முடியப்போகிறது என்ற சமய எச்சரிக்கை ஒன்றும் இப்படி எல்லாக் குழுக்களிலும் வந்திருந்தது. ஆனால் இது வணிகம். ஒரு நிரலை எழுதவைத்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக அனுப்பியிருந்தார்கள். ஆகவே வாசகர் எந்தக் குழுவுக்குள் போனாலும் அது புதிதாக வந்து நின்றது. கணிதம் பேசும் குழுவிலும் அது. செடி வளர்ப்பவர்கள் குழுவிலும் அது. வாசகர்களின் எதிர்ப்பு மடல்கள் குவிந்ததில், அந்தத் தம்பதிக்கு இணைய இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் கணினி திரும்பத் திரும்பச் செயலிழந்தது. அவர்கள் இருவரும் வருந்தவில்லை. இணையத்தில் பணம் பண்ணுவது எப்படி என்று அதே ஆண்டில் ஒரு புத்தகமே எழுதினார்கள். 1997இல் டென்னசி மாநிலம் கேன்டரின் வழக்கறிஞர் உரிமத்தைப் பறித்தது. அதற்கான காரணங்களில் இந்த விளம்பரமும் ஒன்று.

அந்த விளம்பரத்தின் வாசகத்தில் வசையோ ஆபாசமோ இல்லை. அப்படியானால் அத்தனை பேரும் ஏன் கொதித்தார்கள்? ஒரு குழு தனக்கென்று ஒரு பொருளை வைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பேசுவதற்காகத்தான் மனிதர்கள் அங்கே வருகிறார்கள். அந்தத் தம்பதிக்கு எந்தக் குழுவின் பெயரும் தெரியவேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய நிரலுக்கு ஐயாயிரம் அவைகளும் ஒரே பட்டியலின் ஐயாயிரம் வரிகள். யார் இருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் ஒருவர் நுழைந்து பேசிவிட்டுப் போவது, அங்கே இருப்பவர்களை இல்லாதவர்களாக்குகிறது. வாசகர்கள் எதிர்த்தது அதைத்தான்.

இதற்கு யூஸ்நெட் சமூகம் கண்ட மருந்தும் கவனிக்கத்தக்கது. சேத் பிரைட்பார்ட் என்பவரின் பெயரால் அறியப்படும் ஒரு கணக்கை வகுத்தார்கள். ஒரு மடலின் ஒவ்வொரு பிரதியும் எத்தனை குழுக்களுக்குச் சேர்த்து அனுப்பப்பட்டதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பிரதிகளுக்கும் எடுத்துக் கூட்ட வேண்டும். 45 நாள்களுக்குள் கூட்டுத்தொகை 20ஐ எட்டினால் அந்த மடலை நீக்கலாம். ஒன்பது குழுக்களுக்கு ஒரே மடலாகச் சேர்த்து அனுப்பினால் கணக்கில் 3. அதே ஒன்பது குழுக்களுக்குத் தனித்தனியாக அனுப்பினால் 9. தனித்தனியாக இருபது குழுக்களுக்கு அனுப்பினாலே வரம்பு வந்துவிடும். ஒரே மடலாக அனுப்பினால் நானூறு குழுக்களுக்குப் போனால்தான் வரும். வாசகரை ஒரே முறை தொந்தரவு செய்பவருக்கும் மீண்டும் மீண்டும் தொந்தரவு செய்பவருக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வர்க்கமூலத்தில் அடக்கிவிட்டார்கள்.

அந்தக் கணக்கில் மடலின் உள்ளடக்கத்துக்கு இடமே இல்லை. கடவுளைப் பற்றியதா, வணிகமா, அரசியலா, உண்மையா, பொய்யா என்று எதையும் அது கேட்பதில்லை. எத்தனை முறை, எத்தனை இடத்தில் என்பதை மட்டும் எண்ணுகிறது. பேச்சைத் தணிக்கை செய்யாமலே பேசும் முறையைத் திருத்த முடியும் என்று அவர்கள் நம்பினார்கள். கருத்துரிமையையும் அவை மரியாதையையும் எதிரெதிரே நிறுத்தி வாதாடும் நம் காலத்துக்கு இது பயன்படும் பாடம்.

*

திருக்குறளில் அமைச்சியலின் கடைசி இரண்டு அதிகாரங்கள் அவையறிதலும் அவையஞ்சாமையும். 72, 73. அந்த வரிசையிலேயே ஒரு சிந்தனை இருக்கிறது. முதலில் அவை எது, அதில் இருப்பவர்கள் யார், அவர்கள் எதைக் கேட்கும் நிலையில் இருக்கிறார்கள் என்று அறிய வேண்டும். அதன் பிறகுதான் அஞ்சாமல் பேசுவது. இன்றைய கருவிகள் நமக்கு இரண்டாவதை இலவசமாகக் கொடுத்துவிட்டன. முகம் தெரியாத ஆயிரம் பேர் முன்னிலையில் பேச இப்போது யாருக்கும் நா குழறுவதில்லை. முதலாவதை அந்தக் கருவிகள் கொடுக்கவில்லை. அதை ஒவ்வொருவரும் தாமே உழைத்துத்தான் பெற வேண்டியிருக்கிறது.

நம்மிடம் இதற்கு நல்ல மரபு இருக்கிறது. கலியாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். எல்லா வீட்டுக்கும் ஒரே பத்திரிகைதான் அச்சாகிறது. ஆனாலும் உறையின் மேல் ஒவ்வொருவர் பெயரையும் கையால் எழுதுகிறோம். முக்கியமானவர்கள் வீட்டுக்கு நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, மாமா என்றோ சித்தி என்றோ முறை சொல்லி அழைத்து, அவசியம் வந்துவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். செய்தி ஒன்றுதான், அழைப்பு ஒவ்வொருவருக்கும் தனி. பல குழுக்களுக்கு ஒரு செய்தியை அனுப்புகிறவர் செய்ய வேண்டியதும் இதுவே. இந்தச் செய்தி இந்தக் குழுவுக்கு ஏன் வருகிறது என்று முதல் வரியில் சொல்ல முடிந்தால் அது அழைப்பு. சொல்ல முடியாவிட்டால், அந்தக் குழுவுக்கு அனுப்பத் தேவையில்லை.

முறையாகச் செய்தால், பல குழுக்களுக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய காரியத்துக்கு உதவும் என்பதற்கு லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரல் உருவாக்கம் சான்று. ஒருவர் எழுதும் ஒரு திருத்தம் கோப்பு முறையையும் தொடலாம், நினைவக மேலாண்மையையும் தொடலாம். ஆகவே அது இரண்டு துறைகளின் மடற்குழுக்களுக்கும், அவற்றைப் பராமரிப்பவர்களுக்கும், பொதுக்குழுவுக்கும் ஒரே மடலாகப் போக வேண்டும் என்பதே அங்கே விதி. யாருக்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்று பட்டியல் எடுத்துக் கொடுக்க நிரலோடு சேர்த்தே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். பதில் எழுதுபவர் ஒருவரையும் விட்டுவிடாமல் எல்லோருக்கும் எழுதுகிறார். மடலுக்கு ஒரே அடையாள எண் இருப்பதால் ஆவணக் காப்பகத்தில் எல்லாம் ஒரே இழையாக நிற்கிறது. ஆண்டுகள் கழித்தும், இந்த வரி ஏன் மாறியது, யார் எதிர்த்தார்கள், என்ன முடிவாயிற்று என்று ஒரு மாணவர் முழுவதையும் படித்துவிடலாம். பல இடங்களுக்கு அனுப்புவதுதான் அங்கே மரியாதை. அனுப்பாமல் விட்டால்தான் குறை. பல இடங்களுக்கு அனுப்பாதே என்ற விதியை மனப்பாடம் செய்தவர்களுக்கு இது முரணாகத் தெரியலாம். அறிய வேண்டியவர் அறிய வேண்டும், அறிந்தவர்கள் ஓரிடத்தில் பேச வேண்டும் என்ற நோக்கத்தைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு முரண் ஏதும் இல்லை.

*

தமிழர்களுக்கும் யூஸ்நெட்டில் ஓர் இடம் இருந்தது. சமூகப் பிரிவின் கீழே சோக்.கல்ச்சர்.தமிழ் என்று ஒரு குழு. இந்தியர்களுக்கு ஒன்று, இலங்கையருக்கு ஒன்று எனத் தனிக் குழுக்களும் இருந்தன. ஈழப்போர் நடந்த ஆண்டுகளில் ஒரே மடல் இந்த மூன்றுக்கும் சேர்ந்து போவது வழக்கமாக இருந்தது. பொருள் மூன்று குழுவுக்கும் உரியதுதான்; அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு குழுவில் இயல்பாகப் பேசப்படும் வாக்கியம் அடுத்த குழுவில் காயமாகும். தம் வீட்டுத் திண்ணையில் பேசும் தொனியில் எழுதப்பட்ட பதில், எழுதியவர் அறியாத அவையில் எதிரியின் அறைகூவலாகப் படிக்கப்படும். அந்த அவையினரின் பதில் மறுபடி மூன்றுக்கும் வரும். பேச வந்தவர்களுக்கு நடுவே மூட்டிவிடுவதற்கென்றே சேர்த்து அனுப்புபவர்களும் இருந்தார்கள். ஒரே மடலாக அனுப்பும் அந்த நல்ல ஏற்பாடே இங்கே நெருப்பைப் பரப்பும் வழியாயிற்று. கருவி எவ்வளவு மரியாதையோடு செய்யப்பட்டிருந்தாலும், அவையறியும் வேலையை மனிதருக்குப் பதிலாக அது செய்துவிடாது.

பிறகு தமிழிலேயே எழுதும் மடற்குழுக்கள் வந்தன. தமிழ்.நெட், அகத்தியர், மரத்தடி, ராயர் காபி கிளப், சந்தவசந்தம், மின்தமிழ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருந்தது. மரபுக்கவிதைக்கு ஒன்று, வரலாற்றுக்கு ஒன்று, கதை பேச ஒன்று. பல குழுக்களில் உறுப்பினர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். ஒரே கட்டுரை நான்கு குழுக்களில் வரும். ஒன்றில் அதற்கு ஒரு பாராட்டு, இன்னொன்றில் ஒரு திருத்தம், மூன்றாவதில் யாரோ ஒரு பெரியவர் தம் ஊர் வழக்கைச் சொல்லிச் சேர்த்த அரிய தகவல். அவை ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. இவற்றில் சில இயங்கிவந்த யாகூ குழுமச் சேவையிலிருந்து பழைய மடல்கள் அகற்றப்பட்டு, 2020 டிசம்பர் 15 அன்று அந்தச் சேவையும் நின்றபோது, அங்கே எது இருந்தது என்று தேடுவதற்கும் வழியில்லாமல் போயிற்று. கட்டுரை அதன் ஆசிரியரிடம் இருந்திருக்கும். அதன் கீழே நான்கு இடங்களில் சிதறிக் கிடந்த அறிவு யாரிடமும் முழுமையாக இல்லை. பேச்சு ஓரிடத்தில் கூட வேண்டும் என்று பழைய யூஸ்நெட்காரர்கள் பிடிவாதம் பிடித்ததன் பயன் இங்கே விளங்குகிறது. அந்த ஒழுங்கு அப்போது பேசுகிறவர்களுக்காக மட்டும் இல்லை. பின்னால் வந்து தேடுகிறவர்களுக்காகவும் இருந்தது.

*

இன்று நம் கையில் இருப்பது வாட்ஸ்அப். அதில் ஃபார்வர்டு செய்வது, பழையவர்கள் தவறு என்று ஒதுக்கிய இரண்டாவது முறையேதான். ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு தனிப் பிரதி. முதலில் எழுதியவர் யார் என்பது பிரதியில் இல்லை. எப்போது எழுதினார் என்பதும் இல்லை. பதில் அவருக்குப் போய்ச் சேர வழி இல்லை. திருத்தம் வந்தாலும், திருத்தப்படாத பிரதிகள் அவை பாட்டுக்குப் பயணம் செய்துகொண்டிருக்கும். யூஸ்நெட் மடல் எத்தனை இடம் போனாலும் ஊரும் பேரும் உடையது. இது அனாதையாக அலைவது.

அவசரமாக இரத்தம் தேவை என்ற செய்தியை நினைத்துப் பாருங்கள். நல்ல மனத்தோடுதான் அனுப்புகிறோம். தேதி இருக்காது. தேவை தீர்ந்த பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் இருக்கும் எண்ணுக்கு அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும், நோயாளி வீடு திரும்பிய பிறகும். சில வேளைகளில், திரும்பாமலே போன பிறகும். அந்தத் தொலைபேசியை எடுக்கும் மகளிடமோ மனைவியிடமோ ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அதையே கேட்கிறார். கொடுக்க முன்வந்தவரும், அடுத்த செய்தியைப் பார்க்கும்போது இதுவும் பழையதாக இருக்கும் என்று தாண்டிப்போகக் கற்றுக்கொள்கிறார். உண்மையிலேயே இன்று இரத்தம் வேண்டியவருக்கு அது கிடைக்காமல் போகிறது.

இதன் கொடுமையான எல்லையையும் பார்த்துவிட்டோம். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் கைபேசி கைபேசியாகப் பரவியிருந்த நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. ஊர் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். அதே ஆண்டு ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்து ரெயின்பாடாவில் இதே வதந்தி ஐந்து பேரைக் கொன்றது. அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் பலர், பெற்ற பிள்ளையின் மேல் உள்ள அக்கறையால் அனுப்பியவர்கள். அத்தனை பேரில் ஒருவர், இது எங்கிருந்து வந்தது, யாரைக் கேட்டு உறுதி செய்வது என்று நின்று கேட்டிருந்தால், அவர் கைக்கு வந்த பிரதியாவது அவரோடு நின்றிருக்கும்.

அதன் பிறகுதான் எண்ணுக்கு எல்லை வந்தது. 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாது என்று இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்கும் விதியாயிற்று. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கினார்கள். பிரைட்பார்ட் கணக்கைப் போலவே இதுவும் உள்ளடக்கத்தைப் பார்க்காமல் எண்ணிக்கையைப் பார்க்கிறது. வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் அது வேகத்தைத்தான் குறைக்கிறது. எழுதியவரின் பெயரை, எழுதிய நாளை, பதில் போக வேண்டிய இடத்தை அது திருப்பிக் கொடுப்பதில்லை. எந்த நிறுவனமும் கொடுக்கும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அதை நாம் எழுதும் சொற்களிலேயே சேர்த்துவிட முடியும்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் சில கோரிக்கைகள். பல குழுக்களுக்கு ஒரு செய்தியை அனுப்பும்போது நாளையும் ஊரையும் எழுதுங்கள். உங்கள் சொல்லாக இல்லாவிட்டால் யாருடைய சொல் என்று எழுதுங்கள், தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். வேறு எங்கெல்லாம் அனுப்பியிருக்கிறீர்கள் என்று ஒரு வரி சேருங்கள், பதில் சொல்பவர் அங்கே பார்த்துவிட்டு எழுதட்டும். பேச்சு எந்த இடத்தில் நடக்க வேண்டும் என்று குறித்து, அந்த இடத்தில் இருங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் அது ஏன் உரியது என்று ஒரு வாக்கியம் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியாத குழுவை விட்டுவிடுங்கள். குழு நடத்தும் அட்மின்கள், தேதி இல்லாத உதவிக் கோரிக்கைகளை ஏற்பதில்லை என்று ஒரு விதி வைத்தாலே பாதித் துன்பம் குறையும்.

கடைசியாக ஒன்று. இது எல்லாவற்றிலும் எளிதானது, ஆனால் மிக அரிதாகவே செய்யப்படுவது. கேட்டது கிடைத்ததும், கேட்ட ஒவ்வொரு குழுவுக்கும் திரும்பிப் போய், விடை கிடைத்துவிட்டது, இன்னதுதான் விடை, உதவியவர்களுக்கு நன்றி என்று எழுதிவிட்டு வாருங்கள்.